சீப்பும் வெள்ளைத் தட்டும்

பொறியில் விழுந்த எலியைத் துணிப் பைக்கு மாற்றி, குளோரோஃபார்ம் நனைத்த பஞ்சை உள்ளே போட்டுக் கட்டி, அசைவு நின்றதும் வெள்ளை எனாமல் தட்டில் கிடத்த வேண்டும். பிறகு நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பை எடுத்து, வாலிலிருந்து தலைப் பக்கமாக, முடிக்கு எதிராகச் சீவ வேண்டும். முதல் நாள் வகுப்பில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். கொசு மருந்து அடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர்களை எலிக்குத் தலை வாரச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்? ஆனாலும் தேனி மாவட்டத்தில் சுகாதார ஆய்வாளர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போகிறவர் இங்கேதான் தொடங்க வேண்டும். அதற்கு இந்த மண்ணிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

கம்பம் என்றால் இன்றைக்குப் பன்னீர் திராட்சை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மருத்துவ ஆராய்ச்சி ஏடுகளில் கம்பம் பள்ளத்தாக்கு என்றால் பிளேக். 1934இல் பி. வி. ஜார்ஜ், டபிள்யூ. ஜே. வெப்ஸ்டர் என்ற இருவர் இந்தப் பள்ளத்தாக்கின் பிளேக் பற்றி நடத்திய விசாரணை ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் வெளியானது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே எச். எச். கிங்கும் சி. ஜி. பண்டிட்டும் சென்னை மாகாணத்தின் எலித் தெள்ளுக் கணக்கெடுப்பைத் தொகுத்து வெளியிட்டிருந்தார்கள். இந்தப் பண்டிட்தான் பின்னாளில் ஐ.சி.எம்.ஆரின் முதல் இயக்குநர் ஆனவர். ஊர் ஊராக எலி பிடித்து, சீவி, விழுந்த தெள்ளுப்பூச்சிகளை இனம் பிரித்து எண்ணுவதுதான் அந்தக் காலத்துக் கணக்கெடுப்பு. அவர்கள் கையிலும் சீப்பும் தட்டும்தான்.

எதற்கு அவ்வளவு பாடு? தெள்ளு எல்லாம் ஒன்றல்ல என்பதால். எலியின் உடம்பில் வாழும் செனாப்சில்லா கியோபிஸ், செனாப்சில்லா ஆஸ்டியா என்ற இரண்டு இனங்களும் வெறுங்கண்ணுக்கு அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே தெரியும். பிளேக்கைக் கடத்துவதில் கியோபிஸ் கெட்டிக்காரன், ஆஸ்டியா மந்தம். இந்த வேறுபாட்டைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் கொழும்பு நகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்த காலத்தில் அவர் அந்த நகரத்து எலிகளைச் சீவிப் பார்த்து ஆஸ்டியாவை அடையாளம் கண்டார். வெப்பமான கடலோரத்தில் ஆஸ்டியா மலிந்திருக்கும். சென்னைப் பட்டணத்தைப் பிளேக் பெரிதாக வாட்டாமல் போனதற்கும் இதுவே ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குளிர்ந்த உள்நாட்டுப் பகுதிகள் கியோபிஸுக்கு ஏற்றவை. மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, இரண்டு பருவமழையின் சாரலும் எட்டும் பள்ளத்தாக்கில் நோய் கால் ஊன்றியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

கியோபிஸ் ஏன் கெட்டிக்காரன் என்பதை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டலாம். பிளேக் கிருமி தெள்ளின் இரைப்பை வாசலில் பெருகிக் கட்டியாகி வழியை அடைத்துவிடும். தெள்ளு எவ்வளவு உறிஞ்சினாலும் ரத்தம் வயிற்றுக்குள் இறங்காது. பசி தாங்காமல் மறுபடி மறுபடி கடிக்கும். கடிக்கும்போதெல்லாம் அடைப்பில் மோதிய ரத்தம் கிருமியோடு கடிவாய்க்கே திரும்பும். வெயில் ஏறி வெப்பம் 28, 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த அடைப்பு சரியாக உருவாவதில்லை. பிளேக் குளிர்மாதங்களில் தலைதூக்கிக் கோடையில் அடங்கியதற்கு அம்மன் கோபம் தணிந்ததைக் காரணம் சொன்னார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. வகுப்பில் யாராவது இதைக் கிண்டல் செய்தால் பயிற்சியாளர் தடுக்க வேண்டும். நோய் எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதத்தில் போகிறது என்று அந்த மக்கள் கவனித்தது சரிதான்.

அடுத்தது கணக்கு. கீழே உள்ளது பாடத்துக்காகப் போட்ட கணக்குதான், எந்த ஊரின் நிலவரமும் அல்ல. முதல் ஊரில் 20 எலி பிடிபட்டது. மொத்தம் 46 தெள்ளு, அதில் 28 கியோபிஸ். எலி ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை தெள்ளு என்பதுதான் குறியீடு. ஆகவே மொத்தத் தெள்ளுக் குறியீடு 2.3, கியோபிஸ் குறியீடு 1.4. இரண்டாம் ஊரிலும் 20 எலி. 60 தெள்ளு விழுந்தது, ஆனால் கியோபிஸ் 4 மட்டும். மொத்தக் குறியீடு 3.0, கியோபிஸ் குறியீடு 0.2. எந்த ஊர் ஆபத்தானது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது ஊரையே கை காட்டுவார்கள், தெள்ளு அதிகம் என்று. பாடநூல்கள் கியோபிஸ் குறியீடு 1ஐத் தாண்டுவதையே அபாயக் கோடாக வைத்திருக்கின்றன. ஆகவே முதல் ஊருக்குத்தான் வண்டி போக வேண்டும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சியின் சாரம் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும்: என்ன இனம், எத்தனை என்று தெரியாமல் மருந்து டப்பாவைத் திறக்கக் கூடாது.

அதே தட்டை வைத்து இன்னொரு பாடமும் நடத்தலாம். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு அதைவிட்டு இறங்கிவிடும். அடுத்த உடம்பைத் தேடும். பக்கத்தில் எலி இல்லையென்றால் மனிதர். ஆகவே தெள்ளால் பரவும் நோய் இருக்கிற ஊரில் எலிக்கு முதலில் விஷம் வைப்பது, நோயைப் பாயில் விரித்து வைப்பதற்குச் சமம். வளைகளிலும் எலித்தடங்களிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவித் தெள்ளைக் கொன்ற பிறகே எலியின் மேல் கை வைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. தேர்வில் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிட்டவருக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்பது இந்த நூலின் கருத்து.

பிளேக்தான் போய்விட்டதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. தென்னிந்தியாவில் அது கடைசியாக உறுதிப்பட்டது 1966இல், கோலார் மாவட்டத்தில். ஆனால் 1994இல் சூரத் நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. 2002இல் இமாச்சலத்திலும் 2004இல் உத்தரகாசிப் பக்கத்திலும் அது தலைகாட்டிவிட்டுப் போனது. இதனால்தான் காட்டெலிகளைப் பிடித்துச் சோதிக்கும் வேலை இன்றும் தொடர்கிறது. ஓசூரில் தமிழ்நாடு அரசின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாடு மற்றும் விலங்குவழி நோய்கள் நிறுவனம் இருக்கிறது. சீப்பு பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடுகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

எலியின் காதுக்குள்

சீவி முடித்ததும் எலியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கைவிளக்கை அடித்து அதன் காதுமடலின் உட்புறத்தைப் பாருங்கள். மிளகாய்த்தூளைக் கிள்ளி அப்பியது போல ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு கொத்து தென்படலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது தூளாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் ஆறு கால். இவைதான் ஸ்க்ரப் டைஃபஸைக் கடத்தும் சிற்றுண்ணியின் இளம்பருவம். இதன் வாழ்நாளில் இந்த ஒரு பருவத்தில்தான் உடம்பில் ஒட்டி உணவெடுக்கும். வளர்ந்த பின் மண்ணிலேயே கிடக்கும், யாரையும் கடிக்காது.

தமிழில் இந்த நோய்க்கு ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பெயர் செய்யும் குழப்பம் கொஞ்சமல்ல. உண்ணி என்றதும் மாட்டிலும் நாயிலும் தொங்கும் கொழுத்த உண்ணியைத்தான் மக்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடே இல்லையே, இந்தக் காய்ச்சல் எப்படி வரும் என்கிறார்கள். வரும். புதர் ஓரம் உட்கார்ந்தால் போதும், விறகு பொறுக்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறி இடுப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ கடித்துவிட்டுப் போகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு, பீடி நெருப்பால் சுட்டது போல. எல்லோருக்கும் அது இருக்காது, இருந்தாலும் மறைவான இடத்தில் இருக்கும். ஆகவே கிராம சுகாதார செவிலியர்களுக்கான வகுப்பில் இந்தப் பொருக்கின் படத்தைக் கையில் கொடுத்து, பெண் நோயாளிகளிடம் எப்படிக் கூச்சமில்லாமல் கேட்டுப் பார்ப்பது என்பதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும், விலையும் குறைவு. தவறவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மாட்டிக்கொள்ளும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பாடம் யாருக்கு முக்கியம்? விடியற்காலையில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற கூலித் தொழிலாளர்களுக்கு. ஈரமும் இலைச்சருகும் எலியும் சேர்ந்த இடத்தில் நாள் முழுக்க வேலை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வைத்தால் எலிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். காய்ச்சல் வருவது தமிழ்நாட்டு வீட்டில், தொற்றியது கேரளத்து மலையில். நோயாளியிடம் “எந்த ஊர்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல் “வேலைக்கு எங்க போறீங்க?” என்று கேட்கப் பழக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் இவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். பயிற்சியின் ஒரு நாள் களப்பணியை மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தாலொழிய இவர்களைச் சந்திக்க முடியாது.

தண்ணீர் வழியில் கொசு

முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. மலைக்காட்டில் நடந்த அந்த வேலையில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயின. அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரையிலும் அதற்கு அப்பாலும் இருபோக நெல்லாக நிற்கிறது. 14,707 ஏக்கர் என்ற எண்ணை இந்தப் பக்கத்து விவசாயி தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். நட்டு முடிந்த வயலில் இடுப்பை வளைத்து, முகவையால் தண்ணீரை அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினால் அடுத்த பாடம் தயார்.

தட்டில் நெளியும் புழுக்களைப் பார்த்த உடனே இனம் சொல்ல முடியும். நீர்மட்டத்தோடு படுத்த மாதிரி கிடந்தால் அனாபிலஸ், மலேரியாக் கொசு. தலைகீழாகச் சாய்ந்து, நீண்ட மூச்சுக்குழலை மேலே நீட்டித் தொங்கினால் கியூலெக்ஸ். குட்டையான தடித்த குழலோடு ஏறக்குறைய நேராகத் தொங்கினால் ஏடிஸ், அதாவது டெங்குக் கொசு. ஏடிஸை வயலில் தேடினால் கிடைக்காது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். வயலில் பெருகுவது கியூலெக்ஸ் விஷ்ணுயி கூட்டத்துக் கொசுக்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நாரையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் குழந்தைகளுக்குக் கொண்டுவருபவை இவைதான்.

வயல் முழுக்க மருந்து அடிப்பது நடக்காத காரியம், நல்லதும் அல்ல. மதுரையில் 1985இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆரின் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் ரேச்சல் ரூபனும் அவருடன் இருந்தவர்களும் இதற்கு வேறு வழிகளைச் சோதித்தார்கள். வயலில் அசோலா வளர்த்துப் பார்த்தார்கள். தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சினால் புழு குறைகிறதா என்று பார்த்தார்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று விவசாயிகள் சொல்வதுதான் இது. தரை முழுவதும் ஒரே சீராகக் காய வேண்டும், குழியில் தேங்கிய தண்ணீர் நின்றால் புழு அங்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். இதைக் கற்பிக்கச் சுகாதார ஆய்வாளர் மட்டும் போதாது. மடை திறக்கும் நீர்ப்பாசனக்காரரும் வேளாண் உதவி அலுவலரும் அதே வரப்பில் நிற்க வேண்டும். மூன்று துறையையும் ஒரே நாளில் வரவழைப்பது தனிச் சாமர்த்தியம், அதற்கு இந்த நூலில் சூத்திரம் கிடையாது.

ஊருக்குள் வந்தால் வேறு உலகம். குழாயில் தண்ணீர் வருவது சில நாளுக்கு ஒருமுறை, அதனால் வீட்டுக்கு வீடு டிரம், குடம், சிமெண்ட் தொட்டி. பழைய ஆட்டுக்கல் கொல்லையில் மழைநீர் ஏந்திக்கொண்டு கிடக்கும். தோப்பு ஓரம் தேங்காய்ச் சிரட்டை, பட்டறை வாசலில் டயர், ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு. வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர் படி ஏறும்போது நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

“அக்கா, தொட்டிய ஒருதரம் பாத்துட்டுப் போயிர்றேன்.”

“நேத்துத்தானப்பா கழுவி ஊத்துனோம். வேணும்னா பாரு.”

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பிடித்திருப்பார். ஆனால் ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டுகிறது. மிளகுத்தூள் போல இருக்கும் அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வெறுமனே கொட்டினால் போகாது, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தால்தான் போகும். பயிற்சியில் இதைச் சொற்பொழிவாகச் சொல்லாமல், காலி டிரம் ஒன்றை வகுப்புக்குள் உருட்டி வந்து விளிம்புக்குக் கீழே விரலால் தடவச் செய்ய வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க இந்த வெயிலில் ஏழெட்டு நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்ப்பு. அந்த அக்காவிடம் குற்றம் சாட்டும் தொனி எட்டிப் பார்த்தால் அடுத்த வாரம் கதவு திறக்காது என்பதையும் பணியாளருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கணக்கு இங்கும் உண்டு. நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு என்பது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பது பிரெட்டோ குறியீடு. பூட்டிய வீடுகளைப் ‘புழு இல்லை’ பத்தியில் சேர்த்து எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படி எழுதினால் குறியீடு அழகாக இறங்கும், காய்ச்சல் இறங்காது.

புகை மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. தெருவில் புகை வண்டி போனால் வேலை நடக்கிறது என்று ஊர் நம்புகிறது, வார்டு உறுப்பினரும் அதையே கேட்கிறார். புகை கொல்வது அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும். தொட்டிப் புழுவுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. அறைக்குள் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால் ஒதுங்கும் ஏடிஸுக்குத் தெருப்புகை எட்டுவது அரிது. காய்ச்சல் பரவும் தெருவில், நோயாளி வீட்டைச் சுற்றி, வீட்டுக்குள்ளும் சேர்த்து அடித்தால் பயன் உண்டு. மற்றபடி அது திருவிழா வாணவேடிக்கைக்குச் சமம்.

மாலையில் அடை, காலையில் எண்ணு

கடைசி இரண்டு நாள் வரப்பிலும் கிட்டங்கியிலும். வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி, வரப்பெலி, வெள்ளெலி என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வகுப்பில் சிலர் இருப்பார்கள். பெரும்பாலும் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்வது நல்லது. வளை வாயில் மண்ணைக் குவித்துப் போட்டிருந்தால் வரப்பெலி என்று பாடநூல் நாலு வரியில் சொல்வதை அவர்கள் ஒரு கைச்சைகையில் சொல்லிவிடுவார்கள். மூங்கிலை வளைத்துச் செய்யும் தஞ்சாவூர் கிட்டியை வைக்கத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தால் இன்னும் நல்லது. அவருக்கு மதிப்பூதியம் கொடுக்க மறக்க வேண்டாம்.

விஷத்துக்கு வரும்போது வேகம் குறைய வேண்டும். எலி சந்தேகப் பிராணி. புது உணவைக் கொஞ்சமாகக் கொறித்துவிட்டு, வயிறு வலித்தால் அந்தப் பக்கம் மறுபடி வராது. துத்தநாக பாஸ்பைடு வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் வெறும் நொய்யில் எண்ணெய் பிசறி வைத்துப் பழக்க வேண்டும். பிறகு 96 பங்கு நொய், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. கையால் கலக்கக் கூடாது, குச்சியால். இதற்கு மாற்று மருந்து கிடையாது என்பதை வகுப்பில் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு 0.005 சதவீத புரோமாடியோலோன் கட்டிகள் ஓரளவு பாதுகாப்பானவை. அவை மெல்லக் கொல்பவை, தவறி உண்டவருக்கு வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைப் பயிற்சி மேசையில் மாதிரிக்குக்கூட வைக்க வேண்டாம். ஈரலை அழித்து அது தமிழ்நாட்டில் எடுத்த உயிர்களில் எலிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வேலை நடந்ததா என்று பார்க்க மண்ணே போதும். மாலையில் ஒரு வயல் துண்டில் உள்ள வளைகள் அத்தனையையும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு வர வேண்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய குச்சி. மறுநாள் விடிந்ததும் திறந்து கிடப்பவை உயிருள்ள வளை. மருந்து வைக்கும் முன் ஒருமுறை, வைத்து ஒரு வாரம் கழித்து ஒருமுறை. பயிற்சியின் கடைசிக் காலை ஆறு மணிக்குச் சின்னமனூர்ப் பக்கத்து வரப்பில் இருபது பேர் வரிசையாகக் குனிந்து குச்சிகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பால் கேனோடு சைக்கிளில் போகிறவர் நிறுத்தி என்ன தொலைந்துபோனது என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை வகுப்பில் அதிகம் பேசாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் நோட்டில் எழுதட்டும்: அடைத்தது 31, திறந்தது 12.